அகலம் உறுதியில்லாத அகலச் சரங்கள்

'தமிழ்' என்னும் சொல்லை ஒரு சி நிரலில் அகலச் சரமாக (ஒவ்வோர் அலகுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பைட் ஒதுக்கும் எழுத்துத் தொடராக) எழுதி, அதன் நீளத்தை அகல எழுத்துகளுக்குரிய 'டபிள்யூசிஎஸ்லென்' செயற்கூற்றிடம் கேட்டால், லினக்ஸிலும் விண்டோஸிலும் 5 என்றே விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, மேலுள்ள புள்ளி என ஐந்து குறியெண்கள் (எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் யூனிகோடு தரும் எண்கள்) அதில் இருக்கின்றன. அதே சரம் நினைவகத்தில் பிடிக்கும் இடமோ, இறுதிச் சுழியத்தையும் சேர்த்து, லினக்ஸில் 24 பைட், விண்டோஸில் 12 பைட். ஒவ்வொரு குறியெண்ணையும் ஒன்று முதல் நான்கு பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 வடிவில் எழுதினால் 16 பைட். படிப்பவர் கண்ணுக்கு மூன்றே எழுத்துகள். பல இயங்குதளங்களில் ஓடவேண்டிய சி நிரல்களில் அகலச் சரங்களால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை, இவற்றுள் ஓர் எண் கேட்கப்படும் இடத்தில் இன்னோர் எண்ணைக் கொடுப்பதால் வருபவை. அந்தப் பிழைகளைக் காட்டிக்கொடுக்க வேண்டிய பகுப்பாய்வுக் கருவிகளும் தங்களுக்கென்று ஓர் அகலத்தை ஊகித்துக்கொண்டுதான் இயங்குகின்றன என்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை. கருவி வாய் திறக்காததால் நிரல் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டும் வழக்கம் அகலச் சரங்களைப் பொறுத்தவரை செல்லாது என்பது என் கருத்து.

சி மொழியின் முதல் தரநிலை 1989இல் வெளிவந்தபோதே அகல எழுத்து வகை அதில் இடம்பெற்றுவிட்டது. நிரலில் 'டபிள்யூகேர்-டி' எனப்படும் அவ்வகைக்குத் தரநிலை வகுத்த இலக்கணம் மிகத் தளர்வானது. ஒரு கணினி ஆதரிக்கும் வட்டார அமைப்புகளுள் (மொழி, நாடு சார்ந்த அமைப்புகள்) மிகப் பெரிய எழுத்துத் தொகுதியின் எல்லா உறுப்புகளையும் தனித்தனி எண்களாகக் காட்டும் அளவுக்கு இடமிருந்தால் போதும் என்று அது சொன்னது. எத்தனை பிட், எதிர்ம எண்ணை ஏற்குமா ஏற்காதா, உள்ளே இருக்கும் எண் எந்தக் குறியாக்கத்தைச் சேர்ந்தது ஆகிய மூன்றும் தொகுப்பியையும் நூலகத்தையும் எழுதுவோரின் விருப்பத்துக்கு விடப்பட்டன. அகலச் சரங்களைக் கையாளும் செயற்கூறுகளில் பெரும்பாலானவை 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தன. உள்ளே இருப்பது யூனிகோடு எண்தான் என்று ஒரு நடைமுறை தானே அறிவித்துக்கொள்ள ஒரு முன்வரையறைப் பெயரை 1999ஆம் ஆண்டுத் தரநிலை தந்தது. லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி அதை அறிவிக்கிறது. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி அறிவிப்பதில்லை, ஏனெனில் அங்கே அகல எழுத்தின் உள்ளிருக்கும் எண் வட்டார அமைப்புக்கு ஏற்ப மாறக்கூடும்.

இதே ஆண்டுகளில் யூனிகோடும் வளர்ந்துகொண்டிருந்தது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பு உலக எழுத்துகள் அனைத்தும் 16 பிட்டுக்குள் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. அந்த நம்பிக்கையை ஏற்றுக்கொண்டு 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி தன் இயங்குதள இடைமுகம் முழுவதையும் 16 பிட் அகல எழுத்துகளின்மேல் கட்டியது. 1996இல் வந்த யூனிகோடு 2.0 குறியெண்களின் எல்லையைப் பதினோரு லட்சத்துக்கும் மேலாக விரித்து, 16 பிட்டுக்குள் அடங்காதவற்றை இரண்டு அலகுகளாகப் பிரித்து எழுதும் முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸால் அதற்குள் அகலத்தை மாற்ற முடியவில்லை, ஏனெனில் ஏற்கெனவே தொகுக்கப்பட்ட ஒவ்வொரு நிரலும் உடைந்துபோயிருக்கும். யுனிக்ஸ் வழிவந்த தளங்கள் பெரும்பாலும் 32 பிட்டைத் தேர்ந்தெடுத்தன. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் தளத்தில் 32 பிட் நிரல்களுக்கு அகல எழுத்து 16 பிட், 64 பிட் நிரல்களுக்கு 32 பிட். லினக்ஸுக்குள்ளும் இண்டெல் செயலிகளில் அது எதிர்ம எண்ணை ஏற்கும் முழு எண்ணாகவும், ஏஆர்எம் செயலிகளில் ஏற்காததாகவும் இருக்கிறது.

தமிழில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. தமிழ் எழுத்துகளின் குறியெண்கள் 2944 முதல் 3071 வரையிலான தொகுதியில் அமைந்தவை. ஆகையால் 16 பிட் அகல எழுத்திலும் ஒவ்வொன்றும் ஒரே அலகில் அடங்கிவிடும். இந்த வசதி 2014இல், 16 பிட்டுக்குள் அடங்காத கிரந்தத் தொகுதி யூனிகோடில் சேர்க்கப்பட்டபோது சற்றே ஆட்டங்கண்டது. 2019இல் வந்த யூனிகோடு 12.0 தமிழ்ப் பின்னக் குறிகளையும் பழைய அளவைக் குறிகளையும் 73664 தொடங்கி ஒரு தனித் தொகுதியில் வைத்தபோது அது முழுதாக நீங்கிவிட்டது. அத்தொகுதியின் முதல் குறி முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. லினக்ஸில் அதன் நீளம் 1, விண்டோஸில் 2. ஓலைச்சுவடிக் கணக்குகளையும் பழைய நிலப் பத்திரங்களையும் எண்ணிமப்படுத்துவோர் எழுதும் நிரலில் 'ஓர் அலகு ஓர் எழுத்து' என்ற எண்ணம் எங்கேனும் மறைந்திருந்தால், ஒரு காணிக்கோ மாவுக்கோ நடுவில் சரம் வெட்டுப்பட்டுப் பாதிக் குறி மட்டும் எஞ்சும்.

இனி நினைவகத்துக்கு வருவோம். குறுகிய சரங்களில் எழுத்தின் அளவு ஒரு பைட் என்பதால் நீளமும் இடமும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தில் எழுதிய நிரலை, செயற்கூறுகளின் பெயர்களை மட்டும் மாற்றி அகல வடிவத்துக்குக் கொண்டுவரும்போது, படியில் கேட்ட இடத்தில் மரக்காலில் அளந்து கொடுத்த கதையாகிறது. இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. நீளத்துடன் ஒன்றைக் கூட்டி, எழுத்தின் பைட் அளவால் பெருக்காமல், நினைவகம் ஒதுக்கும் 'மேலாக்'கிடம் இடம் கேட்டால் இடம் குறைந்துவிடும். எழுத்துகளின் எண்ணிக்கையைக் கேட்கும் படியெடுப்புச் செயற்கூறான 'டபிள்யூசிஎஸ்என்கப்பி'க்கு, வரிசையின் 'சைஸ்ஆஃப்' மதிப்பை (பைட் அளவை) அப்படியே கொடுத்தால் லினக்ஸில் நான்கு மடங்கும் விண்டோஸில் இரு மடங்கும் இடம் இருப்பதாகப் பொய் சொன்னதாகும். பொதுப் பலவீனங்களின் பட்டியலான சிடபிள்யூஇ-யில் இதற்கு 135 என்ற எண் தரப்பட்டிருக்கிறது. பாதுகாப்பான நிரலெழுத்துக்கு விதிகள் வகுக்கும் சிஇஆர்டி அமைப்பின் சி நெறிகளும் குறுகிய சரத்தையும் அகலச் சரத்தையும் குழப்பிக்கொள்வதைத் தனி விதியாகவே தடுக்கின்றன.

முதல் முகத்தை 'தமிழ்' என்ற சொல்லைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். நீளம் 5, ஒன்று கூட்டினால் 6, ஆகவே நிரல் 6 பைட் கேட்கிறது. படியெடுக்கத் தேவைப்படுவது 24 பைட். நிரல் நொறுங்கும் என்றுதான் எதிர்பார்ப்போம், ஆனால் 64 பிட் லினக்ஸில் அது பிசகின்றி ஓடும். ஜிலிப்சி நூலகத்தின் மிகச் சிறிய ஒதுக்கீடு பயனுக்குத் தருவது 24 பைட், கேட்டது 6 ஆனாலும் 20 ஆனாலும் அதே 24. தமிழின் பெயர் அந்த இடத்தில் மயிரிழை பிசகாமல் பொருந்திவிடுகிறது. இன்னும் ஒரு குறியெண் கூடியிருந்தால் அடுத்த துண்டின் கணக்கேட்டின்மேல் எழுதியிருக்கும். சோதனைச் சரமாக மொழியின் பெயரையே எழுதுவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம் என்பதை நினைத்தால், இப்பிழை எத்தனை நிரல்களில் சோதனையைத் தாண்டிப் போயிருக்கும் என்ற ஐயம் எழுகிறது. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரிண்ட் அல்லது அட்ரஸ் சானிடைசர் கொண்டு ஓட்டினால், கேட்ட அளவைத் தாண்டி எழுதப்படுவதை அவை உடனே சொல்லிவிடும், ஏனெனில் ஒதுக்கிக் கொடுத்த அளவை அவை பார்ப்பதில்லை, கேட்ட அளவையே எல்லையாக வைத்திருக்கின்றன.

இன்னொரு சோதனை இதைவிட விந்தையானது. குறுகிய சரத்துக்குரிய 'ஸ்ட்ர்லென்' செயற்கூற்றிடம், வகைமாற்றக் குறி போட்டு, ஓர் அகலச் சரத்தைக் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வகைமாற்றம் இருப்பதால் தொகுப்பி எச்சரிக்காது. சிறுமுனை வரிசையில் (மதிப்பில் சிறிய பைட் முதலில் வர) பைட்டுகளை அடுக்கும் இன்றைய கணினிகளில், ஆங்கிலச் சொல் எதுவாயினும் இரு தளங்களிலும் விடை 1 என்றே வரும், ஏனெனில் முதல் எழுத்தின் இரண்டாம் பைட்டே சுழியம். இவ்வளவு வெளிப்படையான பிழையை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். தமிழ்ச் சொல்லானால் லினக்ஸில் விடை 2. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றின் இரு பைட்டுகளுமே சுழியமற்றவை என்பதால், விண்டோஸில் இடைவெளியில்லாத தமிழ்ச் சொல்லுக்கு விடை சரியாகக் குறியெண்களின் எண்ணிக்கையைப் போல இருமடங்காக வரும். அதாவது பைட் அளவு பிழையின்றிக் கிடைக்கும். அதை நம்பி நினைவகப் படியெடுப்புச் செய்யும் நிரல் தமிழ்ச் சொற்களை ஒழுங்காகக் கையாண்டுகொண்டே இருக்கும், முதன்முறையாக ஓர் இடைவெளியோ இலக்கமோ வரும்வரை. ஆங்கிலத் தரவால் சோதித்தால் போதாது, தமிழ்த் தரவாலும் சோதியுங்கள் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இங்கே தமிழை மட்டும் கொண்டு சோதித்தவர்தான் ஏமாறுகிறார்.

வெளியீட்டுச் செயற்கூறுகளில் சிக்கல் வேறு வகையானது. நிரல் தொடங்கும்போது வட்டார அமைப்பை அமைக்கும் 'செட்லொக்கேல்' அழைப்பு இல்லையென்றால், லினக்ஸில் சி நிரல் வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த நிலையில் இருக்கும். அந்நிலையில் அகல வடிவ அச்சுச் செயற்கூறு தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளை அச்சிடும். சாதாரண 'பிரின்ட்எஃப்' வழியாக அகலச் சரத்தை அச்சிட முயன்றால் அது எதிர்ம மதிப்பைத் திருப்பிவிட்டு நின்றுவிடும். ஒரே வெளியீட்டு ஓடையில் இரு வகைச் செயற்கூறுகளையும் கலந்து அழைப்பதும் கூடாது. ஓடை தன்மீது முதலில் நடந்த அழைப்பின் வகையையே பற்றிக்கொள்ளும், பின்னர் வரும் மற்ற வகை அழைப்பின் வெளியீடு ஜிலிப்சியில் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைத்திருத்தத்துக்காக இடையில் ஒரு வரி சேர்த்ததால் மற்ற வரிகள் எல்லாம் மறைந்துபோவதைப் பார்த்துக் குழம்பாதவர் இத்துறையில் குறைவு.

இதைவிடத் தொல்லையானது வடிவக் குறியீடு. விழுக்காட்டுக் குறியுடன் 'எஸ்' சேர்த்து எழுதினால், தரநிலைப்படி அகல அச்சுச் செயற்கூற்றிலும் அது குறுகிய சரத்தையே குறிக்கும். மைக்ரோசாஃப்டின் நூலகத்தில் அகலச் செயற்கூற்றுக்குள் அது அகலச் சரத்தைக் குறிக்கும். இடையில் 'எல்' சேர்த்து எழுதினால் இரு இடத்திலும் அகலச் சரம்தான் என்பதால், பல தளங்களுக்குரிய நிரலில் அதை விட்டு வேறு வழி நாடுவதற்குக் காரணமே இல்லை. இத்தகைய தவறுகளைத் தொகுப்பியே கண்டுபிடிக்கும் என்று எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும்: ஜிசிசி தொகுப்பி 'பிரின்ட்எஃப்' குடும்பத்துக்குச் செய்யும் வடிவச் சரிபார்ப்பு அகலக் குடும்பத்துக்குக் கிடையாது. குறுகிய நிரலில் எச்சரிக்கை வந்த அதே தவறு, அகலமாக மாற்றிய பின் எச்சரிக்கையின்றித் தொகுக்கப்படும். நிரலின் தரம் உயர்ந்துவிட்டதைப் போன்ற ஒரு தோற்றத்தை இது தருகிறது. தேவையான நீளத்தை முன்கூட்டியே அறிய, இடம் சுழியம் என்று சொல்லி 'எஸ்என்பிரின்ட்எஃப்'பை அழைக்கும் நல்ல வழக்கமும் இங்கே உதவாது. அதன் அகல இணை, இடம் போதாவிட்டால் தேவையான நீளத்தைச் சொல்லாமல் எதிர்ம எண்ணை மட்டும் திருப்புகிறது.

கருவிகளின் ஊகங்களுள் வால்கிரிண்டின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஜிலிப்சியின் நீளம் காணும் செயற்கூறு வேகத்துக்காக 16 அல்லது 32 பைட்டுகளை ஒரே மூச்சில் படிக்கிறது. சரத்தின் முடிவைத் தாண்டிச் சில பைட்டுகளைத் தொட்டாலும் நினைவகப் பக்கத்தின் எல்லையைத் தாண்டாது என்பதால் அதில் தீங்கில்லை. ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்கு வைக்கும் வால்கிரிண்டின் நினைவகச் சோதனைப் பகுதியான மெம்செக் அதைத் தவறென்று கூவும். இந்தப் பொய்க் குற்றச்சாட்டைத் தவிர்க்க, வால்கிரிண்ட் இத்தகைய நூலகச் செயற்கூறுகளைத் தன்னுடைய எளிய வடிவங்களால் மாற்றீடு செய்கிறது. அகல நீளச் செயற்கூற்றுக்கும் அத்தகைய மாற்று உண்டு. வால்கிரிண்டின் உட்பகுதி சி நூலகத்தைச் சாராமல் எழுதப்பட்டது, எனவே அகல எழுத்து வகையின் வரையறை அங்கே கிடைக்காது. மாற்றுச் செயற்கூற்றின் தலைப்பில் அதை எழுதியவர்கள் ஒளிவுமறைவின்றிக் குறித்திருக்கிறார்கள்: லினக்ஸில் அது 32 பிட் முழு எண்ணாகத் தெரிகிறது, மேக் கணினியில் எப்படியென்று தங்களுக்குத் தெரியாது. மேக்கிலும் அது 32 பிட்தான், ஆகவே ஊகம் பலித்துவிட்டது. தன் ஊகத்தை ஊகமென்றே எழுதிவைக்கும் இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன்.

அந்த ஊகம் ஓரிடத்தில் சுடும். ஜிசிசி, கிளாங் ஆகிய தொகுப்பிகளில் அகல எழுத்தை 16 பிட்டாகச் சுருக்கும் விருப்பம் ஒன்று உண்டு. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன், கணினி தொடங்கும்போது இயங்கும் யூஇஎஃப்ஐ நிரல்கள் போன்றவற்றுக்கு அது தேவைப்படுகிறது. அப்படித் தொகுத்த நிரல் தவறுதலாக ஜிலிப்சியின் அகலச் செயற்கூற்றையே அழைத்துவிட்டால், 16 பிட் சரத்தை நான்கு நான்கு பைட்டாகப் படிக்கத் தொடங்கி, இறுதியிலுள்ள இரண்டு பைட் சுழியத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். வால்கிரிண்ட் அப்போது நான்கு பைட் முறையற்ற வாசிப்பு என்று அறிக்கை தரும். இரண்டு பைட் எழுத்துகள் கொண்ட நிரலில் நான்கு பைட் வாசிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே துப்பு. இரு வகையாகத் தொகுத்த கோப்புகளை ஒன்றாக இணைக்கும்போது, ஏஆர்எம் தளத்தில் அகலம் கோப்பிலேயே பதியப்படுவதால் இணைப்பி எச்சரிக்கிறது. இண்டெல் தளத்தில் அத்தகைய பதிவில்லை, இணைப்பி எதுவும் சொல்லாது. கிளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம்மின் இடைநிலை வடிவம் அகல எழுத்தின் அளவைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. எனவே அதன்மேல் எழுதப்படும் நிலைப் பகுப்பாய்வுக்கு ஊகம் தேவையில்லை. தொகுக்கப்பட்ட இருமக் கோப்பை மட்டும் பார்க்கும் கருவிக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

இருமக் கோப்பில் உள்ள சரங்களைத் தேடிக் காட்டும் பழைய கருவிகளுள் ஒன்று குனுவின் 'ஸ்ட்ரிங்ஸ்'. இயல்பாக ஓட்டினால் அது அகலச் சரங்களைக் காட்டாது. விண்டோஸ் நிரலை ஆராய்பவர் 16 பிட் சிறுமுனை வடிவத்தைத் தனியே கேட்க வேண்டும், லினக்ஸ் நிரலுக்கு 32 பிட் வடிவத்தை. அப்படிக் கேட்டாலும் ஓர் அலகின் மதிப்பு 255ஐத் தாண்டினால் அதை அச்சிடத்தக்க எழுத்தாக அது ஏற்காது. தமிழில் எழுதிய அகலச் சரம் எவ்வளவு நீளமாயினும் அதன் கண்ணில் படாது. தீநிரல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் யாரா விதிமொழியிலும் 'அகலம்' என்று கேட்கும் விருப்பம், எழுத்துகளுக்கிடையே சுழியப் பைட்டைச் செருகித் தேடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஆங்கிலம் அல்லாதவற்றுக்கு அது பொருந்தாது என்று அதன் ஆவணமே கூறுகிறது. தமிழ்ச் சரத்தைத் தேட வேண்டுமானால் அதன் பைட்டுகளைக் கையால் பதினறும எண்களாக எழுதித்தான் தேட வேண்டும். தமிழில் ஏமாற்றுச் செய்தி காட்டும் நிரல்கள் வந்தால் அவற்றை ஆராய்பவர் இதை அறிந்திருப்பது நல்லது.

நான் எழுதும் நிரல்களில் இப்போது கடைப்பிடிக்கும் ஒழுங்கு எளியது. உள்ளே எங்கும் யூடிஎஃப்-8 குறுகிய சரங்கள்தான். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கிய அந்த முறையில் சுழியப் பைட் சரத்தின் நடுவில் வராது, பைட் வரிசைச் சிக்கல் இல்லை, நீளமும் இடமும் ஒரே அலகு, தொகுப்பியின் வடிவச் சரிபார்ப்பு முழுதாக வேலை செய்கிறது, கருவிகள் எல்லாம் பழகிய பாதையில் இயங்குகின்றன. அகல எழுத்து வகை விண்டோஸின் இயங்குதள அழைப்புகளின் வாசலில் மட்டும் தோன்றும். கோப்பைத் திறக்கும் முன் மாற்றி, திரும்ப வந்ததும் மாற்றிவிடுவேன், அந்த இரண்டு மாற்றங்களும் ஒரே கோப்பில் இருக்கும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல் ஒரு நிரல் தன் அறிவிப்புக் கோப்பில் யூடிஎஃப்-8ஐக் கேட்டுப் பெறலாம் என்பதால் வாசலும் குறுகி வருகிறது. அகலம் உறுதியாகத் தெரிந்தாக வேண்டிய இடங்களுக்கு 2011ஆம் ஆண்டுத் தரநிலை தந்த 16 பிட், 32 பிட் எழுத்து வகைகள் உள்ளன. பின்னர் வந்த தரநிலையான சி23 அவற்றின் குறியாக்கத்தையும் யூடிஎஃப்-16, யூடிஎஃப்-32 என்று கட்டாயமாக்கிவிட்டது.

ஏற்கெனவே அகலச் சரங்களால் நிறைந்த பழைய நிரலைப் பராமரிப்பவருக்கு இந்த ஒழுங்கு உடனே கைகூடாது. அவர் ஜிலிப்சியின் வலுவூட்டல் விருப்பத்தை இயக்கித் தொகுக்கலாம். அகலப் படியெடுப்புச் செயற்கூறுகளுக்கும் அது எல்லை பார்க்கிறது. சுருக்கிய அகலத்தோடு ஒருமுறையும் இயல்பான அகலத்தோடு ஒருமுறையும் தன் சொந்தப் பகுதிகளை மட்டும் தொகுத்துச் சோதிக்கலாம். சோதனைச் சரங்களில் ஓர் ஆங்கிலச் சொல், இடைவெளியில்லாத ஒரு தமிழ்ச் சொல், இடைவெளியுள்ள ஒரு தமிழ்த் தொடர் ஆகியவை இருக்க வேண்டும். 'கொ' என்ற எழுத்தை ஒற்றை உயிர்க்குறியால் ஒருமுறையும், கொம்பும் காலும் தனித்தனியாக ஒருமுறையும் எழுதிச் சேர்க்க வேண்டும், ஏனெனில் திரையில் ஒன்றாகவே தெரியும் அவ்விரண்டையும் அகல ஒப்பீட்டுச் செயற்கூறு வேறு வேறு என்றே சொல்லும், நீளமும் ஒன்றுக்கு 2, மற்றதற்கு 3. அறிக்கையை நெடுவரிசைகளாக அச்சிடும் கருவியானால் 'கி', 'கீ' இரண்டையும் சேர்க்கலாம். யூனிகோடு இகரக் குறியை இடம் பிடிக்கும் குறியாகவும் ஈகாரக் குறியை இடம் பிடிக்காத குறியாகவும் வகைப்படுத்தியிருப்பதால், ஜிலிப்சியின் கணக்கில் முன்னது இரண்டு கட்டம், பின்னது ஒரு கட்டம். கடைசியாக முந்திரிக் குறி ஒன்று: நீளம் லினக்ஸில் 1, விண்டோஸில் 2, யூடிஎஃப்-8இல் 4 பைட், தவறுதலாக 'ஸ்ட்ர்லென்'னிடம் போனால் லினக்ஸில் 3, விண்டோஸில் 4.